காத்திருக்கும் வெண்கலம்

ஓய்வுபெற்ற வீரர்களில் யாரைக் கௌரவிப்பது? ஓஹையோவின் கேன்டன் நகரில் 1963இல் அமெரிக்கக் கால்பந்துக்கான புகழ்க்கூடம் திறந்த நாள் முதல் அங்கே இந்த விவாதம் ஓயவில்லை. மகாராஷ்டிரத்திலும் இதே விவாதம் உண்டு.

சதாரா மாவட்டத்தின் கோலேஷ்வரில் 1926இல் பிறந்த மல்லர் காஷாபா ஜாதவ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கி செல்லப் பணமில்லை. ஊர்மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடமானம் வைத்தார். ஜாதவ் வென்ற வெண்கலம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம்.

அர்ஜுனா விருது தொடங்கியது 1961இல். காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜாதவ் 1984இல் சாலை விபத்தில் இறக்கும்வரை அது அவருக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டுக்கான விருதாகத்தான் வந்தது. பத்ம விருது இன்னும் இல்லை. மறைந்தவர்களுக்கு அதைப் பொதுவாகத் தருவதில்லை என்றாலும், மிகத் தகுதியானவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஜாதவைவிடத் தகுதியானவர் யார்?

காலந்தாழ்ந்த கௌரவத்துக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். பின்னர் புனே டெல்கோ ஆலையில் வேலை பார்த்தார்.

பத்மஸ்ரீ 2018இல் வந்தது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா 2025 ஜனவரியில்.

கேன்டனில் பழைய தலைமுறை வீரர்களைப் பரிசீலிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. டில்லியிலும் அப்படியொன்று அமையட்டும். அதன் மேசைக்கு முதலில் ஜாதவின் கோப்பு வர வேண்டும்.