நாகப்பட்டினத்து வாசலும் போடிமெட்டு ஜீப்பும்

விடியற்காலையில் போடியில் நின்று பாருங்கள் தோழர்களே. ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் முந்தலைத் தாண்டி போடிமெட்டுக்கு வரிசையாக ஏறும். தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதே சாலையில் மூணாறு போகிறவர்கள் "அப்படியே ஸ்காட்லாந்து மாதிரி" என்று வீடியோ போடுகிறார்கள். அந்த ஒப்பீட்டை நாமும் செய்து பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளில் குலங்கள் உண்டு. 'கிளான்' என்பார்கள், கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். தலைவன் தகப்பன், குடிகள் பிள்ளைகள், மலையில் வாழ எல்லோருக்கும் பாத்தியதை. இது நம்பிக்கை. பத்திரம் தலைவன் பெயரில்தான். 1746இல் கலோடன் போரில் கலகம் நசுக்கப்பட்டது. மறு ஆண்டே தலைவர்களின் நீதி அதிகாரத்தை லண்டன் பறித்தது. மிஞ்சியது நிலப்பிரபு. நம் பாளையக்காரர்களைக் கும்பினி ஜமீன்தார்களாக்கியதும் இதே கதைதான். போடி ஜமீன் அப்படி வந்தது. பிறகு ஆட்டு ரோமத்தில் லாபம் தெரிந்ததும் தகப்பன்மார் பிள்ளைகளைக் கிளப்பி ஆடுகளைக் குடியேற்றினார்கள்.

அதில் ஒருவர் நமக்கும் தெரிந்தவர். 1764இல் பக்சரிலும் 1781இல் நாகப்பட்டினத்திலும் வென்ற சர் ஹெக்டர் மன்றோ. ராஸ்ஷயரில் தன் நிலத்தை ஒட்டிய ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலைப் போல ஒரு கல் வளைவு கட்டினார். இன்றும் நிற்கிறது. அவர் நிலம் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்குப் போனது. 1792இல் குடிகள் திரண்டு ஊர் ஊராக ஆடுகளை ஓட்டி வெளியேற்றினார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. கேலிக்கில் அதற்கு 'ஆடுகளின் ஆண்டு' என்று பெயர்.

1877இல் இன்னொரு மன்றோ வருகிறார், ஜான் டேனியல். பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளில் 1,37,000 ஏக்கருக்கு மேல் குத்தகை எழுதி வாங்குகிறார். ஆண்டுக்கு 3,000 ரூபாய். கையெழுத்துப் போட்ட இருவருமே அந்த மலையில் குடியிருந்தவர்கள் அல்ல. குடியிருந்த முதுவர்களை யாரும் கேட்கவில்லை. 1897இல் அங்கே ஒரு கம்பெனி உருவானது. பின்னால் இருந்தது கிளாஸ்கோவின் ஃபின்லே. தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. தேயிலை இறங்கிய அந்த மலைக்கு நம் ஆட்கள் ஏறினார்கள். கங்காணி முன்பணம் கொடுப்பார். கடன் தீரும் முன் அடுத்த தலைமுறை கொழுந்து பறிக்க வந்துவிடும்.

பாவம் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று நாம் உருக வேண்டியதில்லை. விரட்டப்பட்ட பலரே கடல் கடந்து போய் அடுத்தவர் நிலத்தில் குடியேறினார்கள். ஆனால் ஊரில் மிஞ்சியவர்கள் சண்டை போட்டார்கள். 1882இல் ஸ்கை தீவில் வெளியேற்ற நோட்டீஸை எரித்தவர்களைக் கைது செய்ய வந்த போலீசைக் கல்லெறிந்து எதிர்த்தார்கள். 1886இல் சட்டம் வந்தது: வாடகை கட்டும் குடியானவனைக் கிளப்ப முடியாது, பாத்தியதை பிள்ளைக்குப் போகும். அதே பேரரசு 1892இல் ட்ரெமென்ஹீர் அறிக்கையை ஒட்டி நமக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. அது இப்போது யார் யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊர் அடங்கலைப் பாருங்கள்.

எஸ்டேட்டில் அதுகூட இல்லை. நாலு தலைமுறை உழைத்தாலும் ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பயந்தே பிள்ளையில் ஒன்றைத் தோட்டத்தில் சேர்க்கிறார்கள். 2015இல் 'பெம்பிளை ஒருமை' பெண்கள் மூணாறு சாலையை மறித்தது 20 சதவீத போனஸுக்கு மட்டுமல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிய 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகள்.

இன்று குலத்துக்கொரு கட்டத்துணி என்று எடின்பரோவில் விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை. 1822இல் ராஜா ஜார்ஜ் வந்தபோது வால்டர் ஸ்காட் நடத்திய வேடிக்கையில் சூடுபிடித்த வியாபாரம். மூணாற்றில் துரை பங்களா 'பாரம்பரிய விடுதி' ஆகிவிட்டது. லயத்துக்கு அந்தப் பலகை கிடையாது.

போடியிலும் சுற்று ஊர்களிலும் நம் பாட்டிகளிடம் எந்த எஸ்டேட், எந்தக் கங்காணி, எந்த வருசம் ஏறினார்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். வருசம் யாருக்கும் நினைவில்லை. டிவிஷன் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள்.