பாணும் பொத்தானும் போன ஊர்: மழையில் நாகசாகி

ஜப்பானியர் பாணை 'பன்' என்கிறார்கள். கடையில் அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குப் பணிஸ் நினைவுக்கு வரும், ஆனால் அவர்கள் சொல்வது பாணைத்தான். சட்டைப் பொத்தானுக்கு அங்கே 'பொத்தன்' என்று பெயர். மழைக்குப் போடும் அங்கி 'கப்பா'. மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். கப்பாவை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டும் உங்கள் அம்மம்மாவின் அடுப்படியிலும் தையல் பெட்டியிலும் இருந்தவை. 1505இல் இலங்கைக்கு வந்த அதே போர்த்துக்கேயர் 1543இல் ஜப்பானில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கரைகளிலும் சொற்களை இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஜப்பானில் அவர்களுடைய பெரிய துறைமுகம் நாகசாகி. ஜூன் மாதத்து வார இறுதி ஒன்றில் அங்கே தனியாகப் போனேன். ஜூன் அவர்களுக்கு மழைக்காலம். அதை எழுதும் எழுத்துகளுக்கு 'பிளம் மழை' என்று பொருள், ஏனென்றால் அப்போதுதான் பிளம் காய்கள் பழுக்கும். ஃபுகுவோகாவிலிருந்து ரயில். தக்கேயோ ஒன்சென் என்ற நிலையத்தில் மாறினால் 2022இல் திறந்த குட்டிப் புல்லட் ரயில் கொண்டுபோய் விடும். நிலையத்துக்கு வெளியே வந்ததும் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குடை ஒன்று வாங்கினேன். இரண்டு நாளும் அது மடங்கவேயில்லை. இனாசா மலையில் ஏறி இரவு வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி எல்லாப் பயண வழிகாட்டிகளும் சொல்லும். மேகம் மலையையே மூடியிருந்தது. நான் ட்ராமில் ஏறித் தெஜிமாவுக்குப் போனேன்.

தெஜிமா ஒரு செயற்கைத் தீவு. விசிறி வடிவம், அகலம் எழுபது மீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குள் அடங்கிவிடும். 1636இல் நாகசாகி வணிகர்கள் 25 பேர் பணம் போட்டு இதைக் கட்டி முடித்தார்கள். ஊருக்குள் மதம் பரப்பாமல் போர்த்துக்கேயரை இங்கே அடைத்து வைக்க வேண்டும் என்பது அரசின் கட்டளை. மூன்றே வருடத்தில் போர்த்துக்கேயரை நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். 1641இல் ஹிரதோவில் இருந்த ஒல்லாந்தரை இந்தக் காலித் தீவுக்கு மாற்றினார்கள். பிறகு இருநூறு வருடத்துக்கு மேல், ஜப்பானுக்குள் ஐரோப்பியர் வந்துபோகக்கூடிய ஒரே வாசல் இதுதான்.

நமக்கு ஒல்லாந்தர் என்றால் வேறொரு படம் மனதில் வரும். யாழ்ப்பாணக் கோட்டையின் நட்சத்திர மதில் அவர்கள் கட்டியது. காணிக்கும் ஆட்களுக்கும் தோம்பு எழுதியவர்கள் அவர்கள். தங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை என்றவர்களும் அவர்கள்தான். அதே கம்பனி, அதே முத்திரை, ஆனால் தெஜிமாவில் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். வருடாவருடம் வாடகை கட்டினார்கள். பாலத்தைத் தாண்ட அனுமதி வேண்டும். வேதாகமத்தை வெளியில் காட்டக்கூடாது, வெளிப்படையாக வழிபாடு கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை கம்பனித் தலைவர் எதோவுக்குப் பயணம் போய் ஷோகனின் முன் மண்டியிட்டு வணங்க வேண்டும். வியாபாரம் நடக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் சகித்துக்கொண்டார்கள். 1638இல் ஷிமபாராவில் கிறிஸ்தவ விவசாயிகள் கிளர்ந்தபோது, ஷோகனின் படைக்கு உதவியாகத் தங்கள் கப்பலில் இருந்து அந்தக் கிறிஸ்தவர்கள்மீதே பீரங்கி சுட்டார்கள். அதே வருடம்தான் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் மதத்தைக் கட்டாயப்படுத்தியவர்கள் இங்கே மதத்தை ஒளித்துவைத்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, அவர்களுடைய உண்மையான சமயம் கணக்குப் புத்தகம்தான் என்று எனக்குத் தோன்றியது.

இன்று தெஜிமாவைச் சுற்றிக் கடல் இல்லை. மண் கொட்டி நகரம் அதை விழுங்கிவிட்டது. பழைய வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், 2017இல் ஒரு புதிய பாலமும் போட்டார்கள். பண்டசாலையில் என்னென்ன வந்தது, போனது என்று பார்த்துக்கொண்டே வரும்போது நம் பக்கத்துப் பொருள்களும் தலைகாட்டும். சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சந்தொமே' என்றார்கள். சென்னையின் சாந்தோம்தான் அது. மயிலாப்பூர்க் கரையில் போர்த்துக்கேயர் அமைத்த ஊரின் பெயர், துணியின் பெயராகக் கடல் தாண்டியது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் வாங்கிய துணி பத்தாவியா வழியாக இங்கே வந்து இறங்கும். எதோ நகரத்து நாகரிகக்காரர்கள் அந்தக் கோட்டுத் துணியில் ஆசையாக உடுப்புத் தைத்துக்கொண்டார்கள். பின்னர் ஜப்பானிய நெசவாளர்கள் தாங்களே அதைப் பார்த்து நெய்யப் பழகினார்கள்.

திரும்பிப் போன கப்பலில் செம்பு. ஜப்பானியச் செம்பு கம்பனிக்குப் பொன் மாதிரி. இந்தியாவிலும் இலங்கையிலும் அதை விற்றார்கள், காசும் அடித்தார்கள். இலங்கையில் ஒரு கட்டத்தில் செம்புக் கட்டியையே துண்டாக வெட்டி, முத்திரை குத்தி, நாணயம் என்று கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்புக் கடைவீதியில் ஒருவர் மடியில் கட்டியிருந்த காசு இந்தக் குட்டித் தீவில் இருந்து புறப்பட்டதாக இருக்கலாம்.

1796க்குள் இலங்கையில் ஒல்லாந்தர் கொடி இறங்கிவிட்டது. பிறகு அவர்களுடைய நாட்டையே நெப்போலியன் எடுத்துக்கொண்டான். அந்த வருடங்களில் உலகத்தில் அவர்கள் கொடி பறந்த ஒருசில இடங்களில் தெஜிமாவும் ஒன்று. அதுவும் வாடகைத் தீவில்!

மத்தியானம் மழை இன்னும் கனத்தது. நகாஷிமா ஆற்றின் மேல் மெகனே பாலம். மெகனே என்றால் மூக்குக் கண்ணாடி. இரண்டு கல் வளைவும் தண்ணீரில் நிழலாக விழுந்து இரண்டு வட்டம் தெரியும் என்பார்கள். மழைத் துளிகள் விழுந்துகொண்டே இருந்ததால் எனக்குக் கண்ணாடி தெரியவில்லை, பாலம் தெரிந்தது. 1634இல் சீனாவில் இருந்து வந்த ஒரு துறவி கட்டுவித்த பாலம் இது. 1982 ஜூலை 23 இரவு நாகசாகிப் பக்கம் பெய்த மழையில், அருகில் உள்ள நகாயோவில் ஒரே மணி நேரத்தில் 187 மில்லிமீற்றர் பதிவானது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 299 பேர். இந்த ஆற்றின் பழைய கல்பாலங்களில் பல அடித்துப் போக, மெகனே பாதி உடைந்து நின்றது. ஆற்றில் விழுந்த கற்களைத் தேடி எடுத்துத் திரும்ப அடுக்கினார்கள். அடுத்த வெள்ளத்துக்குப் பாலம் தப்பவேண்டும் என்று ஆற்றின் இரு பக்கமும் நிலத்துக்கு அடியில் மாற்று வாய்க்கால் வெட்டினார்கள். பாலத்தை இடித்துவிட்டு ஆற்றை அகலமாக்குவது எளிதாக இருந்திருக்கும்.

பின்னேரம் ஓவுரா தேவாலயம். இந்த ஊர்க் கதையில் என்னை அதிகம் நிற்கவைத்தது இந்த இடம்தான். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1549இல் ககோஷிமாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வேலை செய்தவர். ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். மன்னாரில் அவர் வழியாகக் கிறிஸ்தவரானவர்களைச் சங்கிலி மன்னன் கொன்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானிலும் அதே முறைதான், மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தொடங்கினார். கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லைக் கொடுத்தார்கள். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. உடனே மாற்றி 'தேயுசு' என்றார்.

அவருக்குப் பின் வந்த குருமார் காலத்தில் நாகசாகி ஏறக்குறைய முழுக்கக் கிறிஸ்தவ ஊராகியது. பிறகு திருப்பம். 1597இல் நிஷிசக்கா மேட்டில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614இல் நாடு முழுவதும் தடை. வருடம் பிறந்ததும் வீடுவீடாக எல்லோரும் இயேசுவின் அல்லது மரியாளின் உருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும். மிதித்தவன் வீட்டுக்குப் போகலாம்.

பலர் மிதித்தார்கள், வீட்டுக்குப் போய் இருட்டில் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார்கள். குரு இல்லை, கோயில் இல்லை, புத்தகமும் கையில் இல்லை. ஊராக்கமி கிராமத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: ஒருவர் திருநாள் கணக்கைப் பார்ப்பவர், ஒருவர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர், ஒருவர் செய்தி கொண்டுபோய்ச் சொல்பவர். கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலையை மரியாளாக வைத்து வணங்கினார்கள். ஜெபத்துக்கு 'ஒரஷோ' என்று பெயர். இலத்தீனும் போர்த்துக்கேயமும் ஜப்பானிய நாவில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பொருள் தெரியாத ஒலியாக வாய்வழியே இறங்கி வந்தன. அர்த்தம் தெரியாமல் தேவாரம் பாடமாக்கி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மேடையில் ஒப்புவித்த நமக்கு இது புதிதில்லை. நமக்கு அர்த்தம் கேட்க யாராவது பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் இல்லை. ஏழு தலைமுறை கழித்துக் கப்பலில் குரு வருவார் என்ற ஒரு வாக்கு மட்டும் இருந்தது.

ஓவுராவில் வெளிநாட்டவருக்காகப் பிரெஞ்சுக் குருமார் கட்டிய கோயில் 1865 தொடக்கத்தில் திறந்தது. மார்ச் 17 அன்று ஊராக்கமியில் இருந்து ஒரு சிறிய கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண் பெத்தித்ஜான் பாதிரியாரின் அருகே போய், தங்கள் மனமும் அவர் மனமும் ஒன்றுதான் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியாளின் சிலை எங்கே என்று கேட்டாள். தாங்கள் தவக்காலம் கடைப்பிடிப்பதாகவும் சொன்னார்கள். பாதிரியாருக்கும் அது தவக்காலமே. இருநூற்றைம்பது வருடமாக வெளியுலகத்துடன் தொடர்பே இல்லாமல் எண்ணிய நாள்கள் பொருந்தியிருந்தன.

ஆனால் தடை இன்னும் நீங்கவில்லை. 1867 முதல் ஊராக்கமி மக்களைப் பிடித்தார்கள், பிறகு 3,400 பேரளவில் பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். 600க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1873இல் தடை நீங்கித் திரும்பி வந்தவர்கள், முன்பு தங்களை உருவத்தை மிதிக்கவைத்த கிராமத் தலைவரின் வீட்டு நிலத்தையே விலைக்கு வாங்கி அதில் கோயில் கட்டினார்கள். 1914இல் கட்டி முடித்தார்கள். எல்லாரும் கத்தோலிக்க சபைக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இகித்சுகி போன்ற தீவுகளில் சிலர் முன்னோர் சொன்ன அந்த ஒரஷோவே போதும் என்று இருந்துவிட்டார்கள். எனக்கு அவர்களையும் புரிகிறது.

ஞாயிறு காலை அதே மழையில் ட்ராம் வடக்கே ஊராக்கமிக்குப் போனது. 1945 ஆகஸ்ட் 9 அன்று விமானம் முதலில் போனது கொக்குராவுக்கு. அங்கே மேகமும் புகையும் மறைக்க, மூன்று முறை சுற்றிவிட்டு எரிபொருள் குறைய நாகசாகிக்குத் திரும்பினார்கள். இங்கேயும் மேகம். குறி வைத்தது நான் முதல்நாள் நடந்த பழைய நகரப் பகுதியை. குண்டு விழுந்ததோ ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வடக்கே, ஊராக்கமிப் பள்ளத்தாக்கின் மேலே, 11:02க்கு. நடுவில் மலை நின்றது. மெகனே பாலமும் ஓவுரா கோயிலும் தப்பியது அதனால்தான். அந்த வருடக் கடைசிக்குள் ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள். ஊராக்கமிக் கத்தோலிக்கர் 12,000 பேரளவில் இருந்தவர்களில் 8,500 பேர். கோயில் குண்டு வெடித்த இடத்தில் இருந்து அரைக் கிலோமீற்றர். அந்த நேரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தவர்கள் குருமாரோடு உள்ளேயே இறந்தார்கள்.

வெடித்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புத் தூண் நிற்கிறது. பக்கத்தில் பழைய கோயிலின் சுவர்த் துண்டு ஒன்று. மழையென்பதால் ஆட்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மட்டும் மஞ்சள் குடைகளோடு வரிசையாக நின்றது. கொரியர்களுக்கென்று தனியாக ஒரு நினைவுக் கல்லும் இங்கே உண்டு. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு இந்த ஊரில் குண்டுக்கு இரையானவர்கள் அவர்கள். பெரிய சிலைகளைப் பார்த்துவிட்டு அதைத் தவறவிடாதீர்கள்.

கோயிலின் இரண்டு கோபுரத்திலும் ஒவ்வொரு மணி இருந்தது. ஒன்று நொறுங்கிப்போனது. மற்றதை இடிபாட்டுக்குள் இருந்து முழுசாகத் தோண்டி எடுத்து, மரக்கால்களில் கட்டித் தொங்கவிட்டு, 1945 நத்தார் இரவில் அடித்தார்கள். 1959இல் கட்டிய இன்றைய கோயிலின் ஒரு கோபுரத்தில் அந்த மணிதான் ஒலிக்கிறது. மற்றக் கோபுரத்துக்கு அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் சேர்த்துப் புதிய மணி வார்த்துக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 9, 11:02க்கு இரண்டையும் சேர்த்து அடித்தார்கள்.