கர்ப்பகாலத்தில் தாயின் நோயெதிர்ப்பு மண்டலம்: தளர்ச்சிக் கோட்பாட்டின் மீது ஒரு மறுபார்வை

கருவில் வளரும் குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தைவழி வந்தவை என்பதால், தாயின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அக்குழந்தை ஒரு பாதி அயலாகவே இருக்கிறது. வேறொருவரின் சிறுநீரகத்தை உடலில் பொருத்தினால், அதை அழித்துவிடாமல் தடுக்க நோயாளி ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும்போது, அதே மண்டலம் எந்த மருந்தும் இல்லாமல் ஏறத்தாழ 40 வாரங்கள் கருவை எப்படி விட்டுவைக்கிறது என்னும் கேள்வியை 1953-இல் தெளிவாக எழுப்பியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார். அவர் மூன்று விடைகளை முன்வைத்தார்: தாயின் திசுக்களுக்கும் கருவுக்கும் இடையே உடற்கூற்று முறையில் தடுப்பு இருக்கலாம், தாயின் அணுக்கள் அடையாளம் காணக்கூடிய அளவுக்குக் கருவின் ஆன்டிஜென்கள் (எதிர்ப்பைத் தூண்டும் மூலக்கூறுகள்) முதிராமல் இருக்கலாம், அல்லது தாயின் நோயெதிர்ப்பு மண்டலமே அக்காலத்தில் மந்தமாகிவிடலாம். நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வுக்காக 1960-இல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மெடவாரின் செல்வாக்கு பெரியது. அவர் ஊகமாகச் சொன்ன மூன்றாவது விடை, ‘கர்ப்பமாக இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்’ என்று வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் இன்றும் சொல்லப்படும் பொது நம்பிக்கையாக நிலைத்துவிட்டது. இந்த நம்பிக்கை உண்மைக்குப் பொருந்தாதது என்பதோடு, கருவுற்ற பெண்களுக்குத் தீங்கும் செய்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெடவார் எழுதிய காலத்திலேயே மந்தநிலைக் கருத்துக்கு எதிரான சான்று மருத்துவர்களின் கையில் இருந்தது. இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணின் ரத்தத்தில், கணவனின் ரத்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை 1939-இல் அமெரிக்காவில் லெவினும் ஸ்டெட்சனும் பதிவுசெய்தனர். ஆர்.எச். நெகட்டிவ் வகைத் தாய் ஆர்.எச். பாசிட்டிவ் குழந்தையைப் பெறும்போது, பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலந்தாலே போதும், தாயின் மண்டலம் அதை அயலெனக் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த கர்ப்பத்தில் அந்த நினைவிலிருந்து உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ரத்தச் சிவப்பணுக்களோடு இது நிற்கவில்லை. பல முறை கருவுற்ற பெண்களின் ரத்தத்தில் தந்தைவழி வெள்ளணு ஆன்டிஜென்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1958-இல் நெதர்லாந்தில் யான் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் கண்டறிந்தனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுப்பவரும் பெறுபவரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கும் திசுவகைப் பரிசோதனை பல ஆண்டுகள் இத்தகைய தாய்மாரின் ரத்த நீரைக் கொண்டே நடந்தது என்பதும், மந்தமானதாகக் கருதப்பட்ட மண்டலத்தின் கூர்மையை நம்பியே நவீன மருத்துவத்தின் ஒரு துறை வளர்ந்தது என்பதும் போதிய அளவு நினைவுகூரப்படாத செய்திகள்.

தாய்க்கும் சேய்க்கும் இடையே முழுத் தடுப்பு உண்டு என்ற முதல் விடையும் நிலைக்கவில்லை. ஆண் குழந்தையைப் பெற்ற தாயின் ரத்தத்தில், பிரசவமாகி 27 ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்குழந்தையிடமிருந்து வந்த அணுக்கள் இருக்க முடியும் என்பதை டயானா பியாங்கியின் குழு 1996-இல் காட்டியது.

மந்தநிலைக் கருத்தை அடியோடு மறுக்கும் காட்சி கருப்பையின் உட்சுவரில், கரு பதியும் இடத்திலேயே காணக் கிடைக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அந்த இடத்தில் குவியும் வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ‘இயற்கைக் கொல்லி அணுக்கள்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. உடலின் பிற பகுதிகளில் வைரஸ் புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் கொல்லும் வேலையைச் செய்யும் இவ்வகையின் உறவினங்கள் கருப்பையில் கொல்வதை விடக் கட்டமைப்பதையே பெரிதும் செய்கின்றன. கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் இயல்பில் குறுகலானவை, தசைச்சுவர் கொண்டவை, சுருங்கி விரியக்கூடியவை. கொல்லி அணுக்கள் சுரக்கும் பொருள்களாலும், நஞ்சுக்கொடியிலிருந்து கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் டிரோஃபோபிளாஸ்ட் அணுக்களாலும் அத்தமனிகளின் தசை மெல்ல அகற்றப்பட்டு, வாய் அகன்று, சுருங்காமல் எந்நேரமும் ரத்தத்தைச் சீராக விடும் அகன்ற குழாய்களாக அவை மாறுகின்றன. இந்த வேலை அரைகுறையாக முடிந்தால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் சிசுவின் வளர்ச்சி குன்றலாம். தாய்க்கு ரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் பிரீஎக்லாம்ப்சியா நோயும் வரலாம்.

ஊடுருவும் டிரோஃபோபிளாஸ்ட் அணுக்கள் தம் மேற்பரப்பில் எதைக் காட்டுகின்றன என்பது இங்கே முக்கியம். ஒருவரின் அணுக்களை இன்னொருவரின் அணுக்களிலிருந்து பிரித்துக்காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில், உறுப்பு நிராகரிப்பைப் பெரிதும் தூண்டும் ஏ, பி வகைகளை அவை காட்டுவதில்லை. சி, ஈ, ஜி வகைகளை மட்டுமே காட்டுகின்றன. இவற்றுள் சி வகை தந்தைவழி வரக்கூடியது, ஆளுக்கு ஆள் மாறுவது. தாயின் கொல்லி அணுக்கள் தம் ஏற்பிகளால் அதைத் தொட்டு அறிகின்றன. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட்டின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் கொல்லி அணுக்களை வலுவாக அடக்கும் ஏற்பி–மூலக்கூறு இணை அமைந்த கர்ப்பங்களில் பிரீஎக்லாம்ப்சியா அதிகம் காணப்பட்டது. தாயின் எதிர்ப்பு மண்டலம் எவ்வளவு அடங்கியிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றால், முடிவு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். இங்கே தாயின் அணுக்கள் போதிய அளவு தூண்டப்படாததே நோய்க்கு வழிவகுத்திருக்கிறது.

சகிப்புத்தன்மை இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதுவும் வேலைதான். ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்னும் வகை, பிற வெள்ளணுக்களின் தாக்குதலைக் கட்டுக்குள் வைப்பது. இவ்வகை அணுக்களை நீக்கிய எலிகள் தந்தைவழி வேறுபட்ட கருக்களை இழந்துவிட்டன என்பதை 2004-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த அணுக்களுள் ஒரு பகுதி பிரசவத்துக்குப் பின்னும் நிலைத்திருந்து, அதே தந்தையின் அடுத்த கருவை விரைந்து அடையாளம் கண்டு காக்கிறது என்பதை எலிகளில் 2012-இல் கண்டனர். தாக்குதலுக்கு நினைவு இருப்பதுபோலக் காப்புக்கும் நினைவு உண்டு என்னும் இந்தக் கண்டுபிடிப்பு, இத்துறையில் அண்மைக்காலத்தில் வந்தவற்றுள் மிக அழகானது எனலாம்.

அழற்சியைத் தூண்டும் பதில்வினை அடங்கி எதிர்ப்பொருள் சார்ந்த பதில்வினை ஓங்குவதே வெற்றிகரமான கர்ப்பம் என்று தாமஸ் வெக்மன் 1993-இல் முன்வைத்த கருதுகோள் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது. அது காலத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. கரு பதியும்போது அழற்சி தேவைப்படுகிறது. நடு மாதங்களில் அது தணிகிறது. பிரசவ வலியைத் தொடங்கிவைக்கவும் கருப்பை வாயைத் தளர்த்தவும் மீண்டும் தலையெடுக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், தாயின் ரத்த அணுக்களில் ஏற்படும் மாற்றங்களைக் கொண்டே கர்ப்பம் எத்தனை வாரம் ஆகியுள்ளது என்று கணிக்க முடியும் அளவுக்கு இம்மாற்றங்கள் ஒழுங்கானவை எனக் காட்டினர். நோய்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. முடக்கு வாதம் கர்ப்பத்தில் பல பெண்களுக்குத் தணிவதை பிலிப் ஹென்ச் 1938-இல் பதிவுசெய்தார். ஆனால் மற்றொரு தன்னெதிர்ப்பு நோயான லூபஸ் அதே காலத்தில் தீவிரமடையக்கூடும். மண்டலம் முழுவதும் தளர்ந்திருந்தால் இரண்டும் ஒருசேரத் தணிந்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குச் சில தொற்றுகள் கடுமையாகின்றனவே, அது தளர்ச்சியின் அடையாளம் இல்லையா என்னும் கேள்வி நியாயமானது. கர்ப்பத்தில் ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் ஓரளவு குறைகின்றன. அதே வேளையில் நியூட்ரோஃபில்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்கள் பெருகுவதால் மொத்த வெள்ளணு எண்ணிக்கை உயர்ந்தே இருக்கும். 2009-இல் பரவிய எச்1என்1 காய்ச்சலில், அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள் அந்நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்தனர். ஆனால் 2014-இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகளின் கொல்லி அணுக்களும் டி அணுக்களும் இன்ஃபுளுவென்சா வைரஸுக்குக் கர்ப்பமற்றவர்களுடையவற்றை விட வலுவாகவே பதிலளித்தன. விரியும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் இடத்தைக் குறைத்துவிட்ட நிலையில், உடலின் ஆக்சிஜன் தேவையும் கூடியிருக்கும்போது, எதிர்ப்பின் குறைவு மட்டுமல்ல, மிகுதியும் ஆபத்தாகலாம்.

மலேரியா இதைவிடத் தெளிவான சான்று. மலேரியா நிலைபெற்ற ஆப்பிரிக்கப் பகுதிகளில் சிறுவயதிலிருந்தே எதிர்ப்பாற்றல் பெற்ற பெண்களும் முதல் கர்ப்பத்தில் அந்நோய்க்கு ஆளாகின்றனர். காரணம், ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டிக்கொள்கின்றன என்பதை 1996-இல் ஃப்ரீடும் டஃபியும் கண்டறிந்தனர். நஞ்சுக்கொடி என்னும் புதிய உறுப்பு புதிய ஒட்டுமிடத்தைத் தருகிறது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அந்த ஒட்டும் முறைக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தாய் உருவாக்கிக்கொள்வதால் ஆபத்து குறைகிறது. கர்ப்பத்திலேயே கற்றுக்கொள்ளும் ஒரு மண்டலத்தைத் தளர்ந்தது எனச் சொல்வது பொருந்தாது. இந்தியாவுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஹெபடைடிஸ் ஈ: அசுத்த நீரால் பரவும் இவ்வைரஸ், 1978-இல் காஷ்மீரில் தோன்றிய கொள்ளைநோயில் காணப்பட்டதுபோல, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள பெண்களுள் ஐந்தில் ஒருவர் வரை உயிரிழக்கச் செய்யக்கூடியது, அதே வழியில் பரவும் ஹெபடைடிஸ் ஏ அப்படிக் கொல்வதில்லை. ஒவ்வொரு தொற்றுக்கும் தனிக் காரணம் தேட வேண்டியுள்ளது என்பதையே இந்த வேறுபாடு காட்டுகிறது.

இந்த விவாதம் கோட்பாட்டளவில் முடிவதில்லை. தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள், நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு சிறப்பு ஏற்பியின் வழியாக ஏறத்தாழ 13-ஆம் வாரத்திலிருந்து சிசுவுக்குக் கடத்தப்படுகின்றன. பேறுகாலம் நெருங்கும்போது குழந்தையின் ரத்தத்தில் அவற்றின் அளவு தாயினதை மிஞ்சிவிடுகிறது. கர்ப்பிணிக்கு ரண ஜன்னி தடுப்பூசி போடுவதன் அடிப்படையே இதுதான்: தாயின் மண்டலம் திறம்பட எதிர்ப்பொருளை உருவாக்கினால்தான் பிறக்கும் குழந்தை காக்கப்படும். தாய்சேய் ரண ஜன்னியை இந்தியா 2015-இல் ஒழித்தது, தூய்மையான பிரசவ முறைகளோடு இந்தத் தடுப்பூசியின் துணையால்தான். இவ்வளவு தெளிவான முன்னுதாரணம் கண்முன் இருந்தும், கொரோனா தடுப்பூசிகளின் தொடக்கப் பெருஞ்சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் பொதுத் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16-இல் தொடங்கியது. இரண்டாம் அலை மே மாதத்தில் உச்சம் தொட்டது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்ததோ ஜூலை 2-இல். இந்தத் தாமதத்துக்குப் பாதுகாப்புத் தரவு இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தரவு இல்லாமற்போனதற்குக் காரணம், தாயின் உடலைப் பலவீனமானதாகவும் கருவைக் காக்கும் ஒரே வழி அவளை விலக்கிவைப்பதே எனவும் கருதும் பழக்கம். அடுத்த கொள்ளைநோய்க்கான தடுப்பூசி எதுவாயினும், விலங்குச் சோதனைகளில் பாதுகாப்பு உறுதியானதும் கருவுற்ற பெண்களை முதல் கட்டத் திட்டமிடலிலேயே சோதனையில் சேர்க்கும் விதியை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் நெறிமுறைக் குழுக்களும் இப்போதே வகுக்க வேண்டும்.