மண்ணரிப்புச் சூத்திரத்துக்கு ஒரு தங்கவயல் உரை

மூலம்:
ஏ = ஆர் × கே × எல் × எஸ் × சி × பி

மூலம் இந்த ஒரு வரிதான். அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் 1965-இல் கையேடாக வெளியிட்டு, 1978-இல் திருத்திக் கொடுத்தது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1954 முதல் திரட்டிய, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்தி-ஆண்டுகளின் (ஒரு சோதனைப் பாத்தியை ஓராண்டு அளந்தால் ஒரு பாத்தி-ஆண்டு) அளவுகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. வீட்டு மனையோ ஆலை வளாகமோ, மண் கரைவதைத் தடுக்கும் வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் இன்றும் இதையோ இதன் வழிவந்த கணக்குகளையோதான் நாடுகிறார்கள். இதைக் கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளுக்குப் பொருத்தி உரை சொல்கிறேன்.

அந்த மேடுகள் எப்படி வந்தன? ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் கால்வைத்தது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 28 பிப்ரவரி 2001-இல் சுரங்கத்தை மூடும் வரை, பாதாளத்திலிருந்து ஏற்றிய கல்லைப் பொடியாக இடித்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சயனைடு கரைசல் அந்த வேலையைச் செய்தது. கழிவுத் தூளைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். இன்று 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 3.3 கோடி டன். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்னமும் அவற்றின் நிழலில்தான் குடியிருக்கிறார்கள்.

ஏ

ஒரு ஹெக்டேரிலிருந்து ஓராண்டில் போகும் மண், டன் கணக்கில். துருவநாராயணாவும் ராம்பாபுவும் 1983-இல் இந்தியாவின் சராசரியைக் கணக்கிட்டபோது 16.35 டன் என்று வந்தது. பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைந்தாலே 13 முதல் 15 டன் போய்விடும் என்பதால், விவசாயி தன் நிலத்தில் இந்த இழப்பைக் கண்ணால் காண்பது அரிது. சயனைடு மேட்டில் தேடவே வேண்டாம். மேலிருந்து அடிவரை முகமெல்லாம் ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலம் எண்ணுவது பரப்பெங்கும் தாளாகக் கரைவதையும் விரல்விரலாக வாய்க்கால் விழுவதையும் மட்டுமே. பெரிய ஓடை அரிப்பு அதன் கணக்கில் இல்லை. காற்று வாரிக்கொண்டு போவதும் இல்லை. ஆகவே இந்த மேடுகளுக்கு யார் ஏ கணக்கிட்டுக் கொடுத்தாலும், உண்மையில் போவது அதைவிட அதிகம் என்றே கொள்க.

ஆர்

மழையின் அடிக்கும் வலு. ஆண்டு மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு இது முடிவதில்லை. ஒவ்வொரு மழையின் ஆற்றலையும் அது உச்சத்தில் பெய்த 30 நிமிடத் தீவிரத்தையும் பெருக்கிச் சேர்ப்பது. கோலார் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 700 முதல் 750 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. அதைக் கேட்டு வறண்ட ஊர்தானே என்று இருந்துவிடக் கூடாது. பல மாதம் காய்ந்து கிடந்த தூளின்மேல் மே மாத இடிமழை அரைமணி நேரம் அடித்தால் போதும். வானத்துக்குரிய எழுத்து, நம் கையில் இல்லை.

கே

மண்ணின் கரையும் இயல்பு. 1971-இல் வந்த விளக்கப்படம் இதற்கு ஐந்து பண்புகளைக் கேட்கிறது: வண்டலும் மிக நுண்மணலும் எவ்வளவு, மற்ற மணல் எவ்வளவு, மக்கு எவ்வளவு, மண்ணின் கட்டமைப்பு எப்படி, நீர் எவ்வளவு எளிதாக இறங்கும். களிமண் ஒட்டிப் பிடிக்கும், பெருமணல் எடையால் நிற்கும். இடைப்பட்ட வண்டல்தான் எளிதில் போவது. ஆலையில் இடித்த தூள் பெரும்பாலும் அந்த அளவுதான். மண்புழுவோ வேரோ கண்டிராத பொடி என்பதால் மக்கும் கிடையாது.

மழைக்குப் பின் வெயில் பட்டதும் மேலே அப்பளம் போல ஒரு மெல்லிய ஏடு கட்டும். அது இருக்கும் வரை மேடு ஓரளவு அடங்கியிருக்கும். ஆடு ஏறினால் அது உடையும். படப்பிடிப்புக் குழுவின் வண்டி ஏறினாலும் உடையும். அடியிலிருக்கும் தூள் வெளியே வரும். வீட்டு ஜன்னல் விளிம்பில் படிவதும் சோற்றுத் தட்டில் விழுவதும் அதுதான்.

பெயர் சயனைடு மேடு என்றாலும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி சிதைந்துவிடும். நெடுங்காலம் நிற்பவை பொடியான ஸ்படிகச் சிலிக்காவும், ஆர்சனிக் கலந்த கனிமங்களும், காற்றும் நீரும் பட்டால் அமிலம் விடும் சல்பைடுகளும். பூமிக்கடியில் தொழிலாளியின் நுரையீரலைத் தின்றதும் இதே சிலிக்காதான். சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 1990-இல் இந்த ஊரில் தொடங்கி, பிறகு நாக்பூருக்குப் போய்விட்டது. தூள் போகவில்லை.

எல், எஸ்

சரிவின் நீளம், சரிவின் சாய்வு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 22.1 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சாய்வும் கொண்ட பாத்திக்கு மதிப்பு 1. மூலத்துக்கு ஆதாரமான பாத்திகள் 3 முதல் 18 சதவீதச் சாய்வுக்குள் இருந்தவை. மேட்டின் முகம் 30 பாகை என்று வைத்துக்கொண்டாலே அது 58 சதவீதம். அங்கே சூத்திரத்தை நீட்டுவது துணிச்சலான ஊகம். எண்ணை நம்பாவிட்டாலும் போக்கை நம்பலாம்: சாய்வு ஏற ஏற இழப்பு பல மடங்காகும்.

இனி சி-யைப் பின்னுக்குத் தள்ளி, பி-யை முன்னால் எடுக்கிறேன். பழைய உரைகாரர்கள் கொண்டுகூட்டிப் பொருள் சொன்ன முறைதான். காரணம் போகப் போக விளங்கும்.

பி

மனிதர் செய்யும் தடுப்பு வேலை. சமமட்டக் கோட்டில் வரப்பு வெட்டினால் 3 முதல் 8 சதவீதச் சரிவில் இழப்பு பாதியாகக் குறையும். 21 முதல் 25 சதவீதச் சரிவில் அதே வேலைக்கு மதிப்பு 0.9, இழப்பு பத்தில் ஒரு பங்குதான் குறையும். மேட்டில் வெறும் வாய்க்கால் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையெழுத்திடும் ஒப்பந்ததாரரை இந்த ஓர் எண்ணைக் காட்டியே கேட்கலாம். படிப்படியாகத் தட்டு வெட்டுவது வேறு: அது சரிவையே துண்டாக்குகிறது. நான்கு துண்டாக்கினால் நீளத்தின் பங்கு பாதியாகும். உச்சியில் தேங்கும் நீரைக் குழாய் வழியே பத்திரமாக இறக்குவதும் இதில் சேரும். தென்னாப்பிரிக்காவின் மெரியஸ்ப்ருட்டில் 1994 பிப்ரவரியில் பெருமழை நாளில் தங்கச் சுரங்கக் கழிவின் அணை உடைந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே சேறு நிறைந்த குளம். இங்கே காய்ந்த மேடு. ஆனாலும் உச்சியில் நீர் நிற்க விடக்கூடாது என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

சி

மூடாக்கு. சூத்திரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உழுது வெறுமையாக விட்ட நிலத்துக்கு 1. உழாத நிலத்தில் புல் தரையை 40 சதவீதம் மூடினால் 0.10, 60 சதவீதத்துக்கு 0.042, 80 சதவீதத்துக்கு 0.013. வேறு எந்த எழுத்தையும் மனிதன் இவ்வளவு இறக்க முடியாது. காற்றரிப்புக்கென்று உட்ரஃபும் சிடோவேயும் அதே 1965-இல் தனிச் சமன்பாடு எழுதினார்கள். அதிலும் தாவர மூடாக்குக்கு இடம் உண்டு. மழைக்கும் காற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும் எழுத்து இது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேலைக்காற்று வீசும் பீடபூமியில், தங்கவயல்காரருக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை.

ஜொகன்னஸ்பர்க்கின் தங்க மேடுகளில் 1960-களிலேயே புல் வளர்க்க முனைந்தார்கள். வெறும் விதை தூவினால் முளைக்காது என்பது அங்கே கற்ற பாடம். அமிலத்தைச் சுண்ணாம்பால் அடக்க வேண்டும், தொழுவுரம் கலக்க வேண்டும், விதை உருண்டோடாமல் பிடிக்க வேண்டும். தென்னை நார் வலை அதைப் பிடிக்கும். அது மட்குவதற்குள் புல் வேரூன்றிவிட வேண்டும். வெட்டிவேர் அமிலத்தையும் ஆர்சனிக்கையும் தாங்கும், உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும், முற்றிய தாளை மாடு விரும்பாது. மாட்டுக்குப் பிடித்த தீவனப் புல்லை இங்கே நடவே கூடாது; மண்ணிலிருப்பது பாலுக்கு வந்துவிடும்.

தடை எங்கே இருக்கிறது என்றால், மேட்டில் மிச்சத் தங்கம் இருக்கிறது என்ற எண்ணத்தில். மறுபடி எடுக்கப்போகிற மண்ணுக்கு எதற்குப் புல் என்று வேலை தள்ளிப்போகிறது. 13 மேடுகளிலும் மேற்பரப்புச் சுரங்கம் நடத்தும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராம் கூடத் தேறாத தூள் அது. தங்கத்தை எடுத்த பிறகும் ஏறக்குறைய அத்தனை டன்னும் திரும்ப எங்கோ கொட்டப்படும், கட்டிய ஏடும் உடைந்த நிலையில். ஆகவே ஒப்பந்தத்திலேயே சி எழுதப்பட வேண்டும்: தொடாத முகம் மூடப்பட்டிருக்க வேண்டும், தோண்டிய முகம் அந்தந்தப் பருவத்திலேயே மூடப்பட வேண்டும், மூடாக்கு சதவீதத்தை அளந்த பிறகே பணம் தர வேண்டும்.

வெட்டிவேர் நாற்றைச் சமமட்டக் கோட்டில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி, ஒன்று ஒன்றரை மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வரிசையாக, ஜூன் ஈரத்திலேயே நட்டுவிட வேண்டும். தங்கவயலின் பெருமழை செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் வரும். அதற்குள் வேர் பிடித்திருக்கும்.