சக்கர நாற்காலி மதிப்பீடு: திருகோணமலை மாவட்டம்

சக்கர நாற்காலி மதிப்பீடு என்பது, நடக்க இயலாத ஒருவரின் உடலையும் அவர் வாழும் இடத்தையும் இயன்மருத்துவர் (பேச்சு வழக்கில் பிசியோதெரபிஸ்ட்) சோதித்து, அவருக்கு எந்த அளவில் எந்த வகை நாற்காலி பொருந்தும் எனத் தீர்மானிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலி வழங்கும் சேவையை எட்டுப் படிகளாக வகுக்கிறது. அதில் மதிப்பீடு இரண்டாவது. நீண்ட போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட இம்மாவட்டத்தில் இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. அளவு பாராமல் கொடுத்த நாற்காலி உதவியாவதில்லை. புண்ணுக்கே வழி செய்யும்.

முள்ளந்தண்டு காயம், பாரிசவாதம், நீரிழிவால் கால் இழப்பு, பெருமூளை வாதம் எனக் காரணம் எதுவானாலும், முக்கியமாகக் கேட்கப்படுவது தொடுவுணர்வு பற்றியே. இடுப்புக்குக் கீழே தொடுவுணர்வு இல்லாதவருக்குப் புட்ட எலும்பு அழுந்தி வலிப்பது தெரியாது. தோல் சிவந்திருக்கிறதா, பழைய தழும்பு உண்டா என்று இயன்மருத்துவர் பார்க்கிறார். இருப்பவரின் எலும்புக்குக் கீழே விரல் நுனிகளை நுழைத்து, அவை அசைய இடமிருக்கிறதா எனவும் சோதிக்கிறார். இடமில்லாவிட்டால் இருக்கை மெத்தையை மாற்ற வேண்டும். அழுத்தத்தால் வரும் படுக்கைப் புண் நஞ்சாகி உயிரையே எடுத்துவிடக்கூடும் என்பதால், நாற்காலியைவிட மெத்தையே முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அளவு. தட்டையான இருக்கையில் நிமிர்ந்து இருக்கவைத்து, இடுப்பின் இருபுறமும் தடித்த புத்தகங்களை நிறுத்தி இடைவெளியை அளந்தால் இருக்கையின் அகலம் கிடைக்கும். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையான நீளத்தில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் குறைத்தால் இருக்கையின் ஆழம். குறைக்காமல் விட்டால் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் முட்டும். அதைத் தவிர்க்க அவர் முன்னே சறுக்கிக் கூனி உட்காருவார். முழங்காலிலிருந்து குதி வரையான நீளம் பாதத் தாங்கியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

உடலுக்கு இணையாக இடத்தையும் பார்க்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் வசிப்பவருக்கு, வைத்தியசாலைத் தளத்தில் வழுக்கிச் செல்லும் சிறிய முன்சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும். முன்னால் ஒற்றைப் பெரிய சக்கரமும் நீண்ட அடித்தளமும் கொண்ட மூன்று சக்கர நாற்காலி அங்கே சுலபமாக ஓடும். ஆனால் ஒடுங்கிய அறையில் திரும்ப அதற்குக் கூடுதல் இடம் தேவை. பிரெடெரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் மேட்டில் கையால் தள்ளிச் செல்வதற்குத் தோள்பலமும், பின்னால் சாயாத சமநிலையும் வேண்டும். பின்சக்கரத்தை முன்னே நகர்த்தினால் தள்ளுவது இலகுவாகும், கவிழும் ஆபத்தும் கூடும். பழக்கமற்றவருக்கு அது பின்னால் இருப்பதே நல்லது.

மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து நகருக்கு வருவது முன்பு படகுப் பயணமாக இருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டபின் தரைவழி இலகுவாயிற்று. ஆயினும் பஸ்ஸில் ஏறுவதோ, ஓட்டோவில் மடித்து வைப்பதோ எவ்வாறு என்பதையும் மதிப்பீட்டில் கேட்டறிய வேண்டும். மடியாத சட்டகம் உறுதியானது, ஆனால் ஓட்டோவில் எளிதில் கொள்ளாது. வீட்டு வாசலின் அகலம், மலசலகூடத்தின் படி, கிணற்றடி ஆகியவற்றை நேரில் போய்ப் பார்ப்பதற்கு நிகராக வேறொன்றுமில்லை.

இலங்கையில் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது, அவ்வுரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே பொருத்தமான நாற்காலியைக் கேட்பவர் தருமம் கேட்கவில்லை.

நாற்காலி வந்ததும் பொருத்திப் பார்த்து, கட்டிலிலிருந்து மாறி ஏறவும், முன்னே சாய்ந்து அடிக்கடி அழுத்தம் தணிக்கவும் பழக்க வேண்டும். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். திருகுகளையும் சக்கர அச்சையும் துடைத்து எண்ணெயிடவும், ரியூப்பில் காற்றுப் பார்க்கவும் குடும்பத்தாருக்குக் காட்டிக்கொடுப்பது அவசியம். வளரும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கொருமுறை மறுபடி அளவெடுக்க வேண்டும்.