கையைக் காக்கும் கட்டாரி

கொங்கு நாட்டுப் பாளையப் போர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கோட்டையையும் கொத்தளத்தையும் பீரங்கியையும் விரிவாக வருணித்துவிட்டு, வெடிமருந்து தீர்ந்து ஆளோடு ஆள் நெருங்கிய பின் ஒருவனுடைய உயிரைக் காத்த சிறிய ஆயுதமாகிய கட்டாரியை ஒரே வரியில் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. கொல்லன் தன் உலைக்களத்தில் ஒன்றொன்றாக அடித்துச் செய்த அந்த ஆயுதத்தைத் தேடி எடுப்பதும், எடுத்தபின் இன்னதென்று இனங்காண்பதும் சரித்திர ஆராய்ச்சியின் அவசியமான பகுதிகள் என்பது என் அபிப்பிராயம்.

மற்றக் கத்திகளுக்குப் பிடி அலகின் நேர்க்கோட்டில் அமைந்திருக்க, கட்டாரிக்கோ அது குறுக்கே அமைந்திருக்கிறது. அதை முஷ்டியாகப் பற்றினால் இருபுறத்துச் சட்டங்களும் மணிக்கட்டை ஒட்டி முன்கையின்மீது படிய, குத்தும் விசை முழுவதும் தோளிலிருந்து நேராக அலகின் முனைக்குச் சென்றுவிடும். தென்னாட்டுக் கட்டாரிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. விரல் முட்டிகளையும் புறங்கையையும் மூடும் சிப்பி போன்ற இரும்புக் காப்பு ஒன்று பிடியோடு சேர்த்தே அமைக்கப்பட்டிருக்கும். வடநாட்டுக் கட்டாரிகளில் பெரும்பாலும் இது கிடையாது. முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிச் சண்டைக்கென்று அமெரிக்க ராணுவம் 1918-இல் முட்டிக்காப்போடு ஒரு கத்தியை வார்த்தெடுத்ததற்கும், அதே யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் டட்லி நகரத்து ராபின்ஸ் கம்பெனியின் குத்துக்கத்திகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்துக்கொண்டதற்கும் நூற்றாண்டுகள் முன்னதாகவே, நம் நாட்டுக் கம்மியர் அதே தேவைக்கு அழகும் உறுதியும் கூடிய விடை கண்டிருந்தனர்.

இவற்றின் பெருஞ்சேகரம் ஒன்று தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தது. 1855-இல் கடைசி அரசர் இரண்டாம் சிவாஜி காலமானபின் அது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார் வசமாகி, 1863-இல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்கென்று சிலவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்! கோயம்புத்தூர் மாவட்டத்துப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றியும் எழுதியவரான வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர் 1878-இல் இந்தச் செய்தியை எழுதிவைத்திராவிட்டால், அந்த அழிவின் அளவுகூட நமக்குத் தெரியவந்திராது. தப்பிப் பிழைத்தவற்றுள் சில கடல் கடந்து, நியூயார்க் பெருநகர் அருங்காட்சியகம் வரை சென்று சேர்ந்திருக்கின்றன.

தஞ்சைக்கு இந்த அளவாவது ஆவணம் உண்டு. கொங்குக்கோ அதுவும் இல்லை. இத்தனைக்கும் இரும்புத் தொழிலில் இந்தப் பிரதேசத்துக்குள்ள பழமை சாமானியமானதன்று. காங்கேயத்துக்கு வடக்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளே வெளிப்பட்டன. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்த தீரன் சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கும்பெனிப் படையை எதிர்த்து நின்றதும், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதும் யாவரும் அறிந்தவை. 1801 டிசம்பரில் தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கிக் கும்பெனியார் பிரகடனம் செய்த காலம் அது. படைக்கலம் ஏந்திய குடிகளின் கையிலிருந்தவை பல அக்காலத்தில் மறைந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

ஆகவே ஒரு பழைய கட்டாரி கைக்கு வந்தால் அதை நிதானமாகப் பரிசீலிக்க வேண்டும். சம்மட்டியால் அடித்துச் செய்ததில் இருபுறச் சட்டங்களும் மயிரிழை அளவேனும் வேறுபட்டிருக்கும். அச்சில் வார்த்த போலியில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதோடு, வார்ப்பின் ஒட்டுக்கோடும் நுண்துளைகளும் தென்படும். அலகைப் பிடியோடு பிணைக்கும் தறையாணிகளை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளின் அலகையே தறித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதைக் கண்டு போலி என்று தள்ளிவிடுவது பெரும்பிழை. பழைய துரு கருமை பாய்ந்து மூட்டுகளின் உள்ளே ஆழ்ந்திருக்கும். அமிலம் தடவி வரவழைத்த துருவோ, கைபட்டுத் தேய்ந்திருக்க வேண்டிய குறுக்குப்பிடியிலும் செம்மண் பூசியதுபோல் ஒரே சீராகப் பரவிக் கிடக்கும்.

எனினும் இரும்பைப் பார்த்துக் காலத்தை ஒருவாறு சொல்லலாமேயன்றி, ஊரையும் உடையவனையும் சொல்ல முடியாது. யார் வீட்டுப் பரணிலிருந்து, எந்தக் குலதெய்வக் கோயிலிலிருந்து வந்தது என்ற செய்தி அறுந்துபோன கணத்தில் அந்த ஆயுதத்தின் சரித்திரத்தில் பாதி போய்விடுகிறது. சேகரிப்போர் பலர் மெருகேற்றிய பளபளப்பை விரும்பி வாங்குகிறார்களேயன்றி இந்தச் செய்தியைக் கேட்டுக் குறித்துக்கொள்வதில்லை என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

காங்கேயம், சென்னிமலை, அறச்சலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆயுத பூஜையன்று பொட்டிட்டு வணங்கும் பழைய இரும்பு ஏதேனும் உங்கள் வீட்டிலோ கோயிலிலோ இருக்குமானால், அதைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைப்பற்றிச் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிவைத்து, புகைப்படம் எடுத்து, கோவை அல்லது ஈரோடு அரசு அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளூரில் உருக்குலையாமல் அதைக் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.