அச்சத்தை அளந்த மன்றம்

1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, ஆறு இலங்கைத் தமிழர்களின் அச்சத்தைப் பற்றித் தீர்ப்பளித்தது. 'தக்க ஆதாரமுள்ள அச்சம்' உடையவரே அகதி என்கிறது 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. அஞ்சுபவரின் நிலையில் நின்று அந்த அச்சத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தது மேல்முறையீட்டு நீதிமன்றம். பிரபுக்கள் சபை அதைத் தள்ளியது. துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் மெய்யாகவே உண்டா என்பதே கேள்வி. விடை காணவேண்டியவர் உள்துறை அமைச்சர். (பின்னாளில் எத்தனையோ அகதிகளைக் காத்த தளர்வான அளவுகோலும் இதே தீர்ப்பில்தான் பிறந்தது என்பது வரலாற்றின் குறும்பு.)

நீதிமன்ற மறுஆய்வு, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டுமே பார்க்கும். உண்மைகளை எடைபோடும் மேல்முறையீடோ, இவர்களைப் போல நுழைவு மறுக்கப்பட்டவர்களுக்கு, அன்று நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே கிட்டும். எதற்கு அஞ்சினார்களோ, அங்கே போய் நின்றுகொண்டு முறையிட வேண்டும்!

1988 பிப்ரவரியில் அனுப்பப்பட்டார்கள். 1989 மார்ச்சில், ஐவரின் மேல்முறையீட்டை ஏற்ற நடுவர், புகலிடம் மறுத்தது தவறு என்றார். அவ்வாண்டே பிரிட்டன் திரும்பினார்கள்.

அந்த ஐவரும் ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார்கள். மூவர் இலங்கையில் கொடுமைக்குள்ளானதை அறிந்திருந்தும், 1991 அக்டோபரில் உரிமை மீறலில்லை என்றது அது. மறுஆய்வே போதிய பரிகாரம் என்று எழுவர் கருத, இருவர் மறுத்தனர். அந்த இருவர் பக்கமே என் மனம் சாய்கிறது. நாட்டினுள் இருந்தபடியே முறையிடும் உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993இல் சட்டமாக்கியது.